பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழன் அன்று சாமியார் கையால் கால் கழுவிக்கொள்ளப் போகிறவர்கள், எங்கள் ஊரில், வீட்டிலேயே காலைக் கழுவிக்கொண்டுதான் கோயிலுக்கு வருவார்கள். சும்மா ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வருவதில்லை. குருத்தோலை ஞாயிறு முடிந்ததுமே வேலை ஆரம்பித்துவிடும். வெந்நீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, நகம் வெட்டி, குதிகால் வெடிப்புக்குக் களிம்பு போட்டு, புதுச் செருப்பு வாங்கி ஒரே அமர்க்களமாக இருக்கும். மன்னவனூர் போகிற பாதையில் மேட்டில் கிடக்கிற ஊர் எங்களுடையது. காரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும்தான் பிழைப்பு. அந்தத் தோட்டத்துக் கறுப்பு மண் வெடிப்புக்குள் இறங்கிவிட்டால் லேசில் வராது. அப்படியே போய்ச் சாமியார் முன்னால் காலை நீட்டினால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்று பயம். ஏசுநாதர் கடைசி விருந்தன்று சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பன்னிரண்டு பேருக்குச் செய்கிற சடங்கு இது. அந்தச் சீடர்கள் யாரும் களிம்பு பூசிக்கொண்டு வந்திருக்கமாட்டார்கள் என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும்.

எங்கள் கோயிலில் வலது காலை மட்டும் கழுவுவதுதான் வழக்கம். ஒரு வருஷம், எங்கள் தெருக்காரர் ஒருவர், கழுவப்போவது அந்த ஒரு கால்தானே என்று வலது காலை மட்டும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த வருஷம் வந்திருந்த சாமியாருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. இரண்டு காலையும் நீட்டச் சொல்லிவிட்டார். இடது கால் வெளியே வந்தபோது முன்வரிசையில் இருந்த கன்னியாஸ்திரிகள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். கல்யாண வீடுகளில் இன்றைக்கும் அவர் காலைப் பார்த்துவிட்டுத்தான் அவருக்குத் தோத்திரம் சொல்கிறார்கள்.

இந்தச் சடங்குக்கு வெந்நீர் போடுவது, பேசினைத் தேய்ப்பது, துண்டுகளை வெளுத்து மடித்து வைப்பது, முடிந்தபின் அவற்றைத் துவைப்பது எல்லாம் என் ஓரகத்தியின் வேலை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. கொஞ்ச காலம் அய்யம்பாளையத்தில் தன் தம்பி வீட்டில் இருந்து பார்த்தாள். மலையில் பிறந்த உடம்புக்குக் கீழே வெக்கை ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்துவிட்டாள். ஒத்துக்கொள்ளாதது வெக்கை மட்டுமில்லை, தம்பி பெண்டாட்டியும்தான். அன்றிலிருந்து எங்களோடு இருக்கிறாள். பூண்டுக் கட்டுகளைத் தொங்கவிட்டிருக்கிற அறையில் அவளுக்கு ஒரு கட்டில்.

திரும்பி வந்த புதிதில் அழுவதற்கு ஓர் இடம் வேண்டுமே என்று பகல் வேளையில் கோயிலுக்குப் போனாளாம். அங்கே தரையெல்லாம் குப்பையாகக் கிடந்ததாம். கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கோயில்பிள்ளை அப்போதுதான் வேலையை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார். அழுதது போதும் என்று எழுந்து விளக்குமாற்றைத் தேடினவள்தான். கோயிலைத் திறப்பது, பெருக்குவது, மணி அடிப்பது, பீடத்துத் துணிகளைத் துவைப்பது எல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டது. யாரும் அவளை நியமிக்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். பிள்ளைகளை அதட்டி அதட்டி என் வாய் நீளமாகிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். அந்த வாய்க்கு அக்கா நல்ல தீனி. யாராவது அவளைப் பார்த்து, "பீடத்துல பூ வச்சிருக்கிறது அழகா இருக்குங்க" என்று சொல்லிவிட்டால் போதும், திருடிப் பிடிபட்டவள் மாதிரி முழிப்பாள். "பூ அழகா இருக்கு, நான் என்ன செஞ்சேன்" என்று நகர்ந்துவிடுவாள். காரணம் ஒரு பிரசங்கம். எப்போதோ இருந்த வயதான சாமியார் ஒருவர், ஊர் பார்க்கத் தர்மம் செய்கிறவர்கள் தங்கள் பலனை இங்கேயே வாங்கிவிட்டார்கள், மேலே அவர்களுக்குப் பாக்கி ஒன்றுமில்லை என்று சுவிசேஷத்தை விளக்கியிருக்கிறார். மற்ற நாங்கள் எல்லாரும் அதைக் கேட்டு ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றோம். இவள் அதை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். இங்கே ஒரு பாராட்டு வாங்கினால் அங்கே அந்த அளவுக்குக் கழிந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை.

ஒரு வருஷம் கோயில் திருவிழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. மைக்கில் அவளைக் கூப்பிடக் கூப்பிட ஆள் இல்லை. தேடிப் பார்த்தால், திருவிழாச் சமையல் நடந்த கொட்டகையில் பெரிய அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொன்னாடையை வேறு வழியில்லாமல் மைக்செட்காரருக்குப் போர்த்தினார்கள். அன்றைக்கு நான் அவளிடம், "மோட்சத்துல பாதி எடத்தை நீயே பட்டா போட்டுருவ போலிருக்கேக்கா, எங்களுக்கும் ரெண்டு செண்டு விட்டு வையி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு இது விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்களுக்குப் புதிதாக ஒரு சாமியார் வந்தார். இளம் வயது. பைக்கில் வருவார், குளிருக்குக் காதில் மப்ளர் கட்டிக்கொண்டு பூசைக்கு முன்னால் எங்கள் வீட்டில்கூடக் காபி கேட்டு வாங்கிக் குடிப்பார். அவர் வந்த வருஷம் தவக்காலத்தில், இனிமேல் கால் கழுவும் பன்னிரண்டு பேரில் பெண்களும் உண்டு என்று அறிவித்தார். மற்ற ஊர்களில் முன்பே வந்துவிட்டதாம், எங்கள் மேட்டுக்கு வர அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. ஊரில் களிம்பு விற்பனை இரண்டு மடங்கானது. முதல் பெயராக எல்லாரும் அக்காவைத்தான் சொன்னார்கள். சொல்வதற்கு நானும் கோயில் கமிட்டிக்காரர் இருவரும் அவளிடம் போனோம். அவள் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு வேணாம்."

கமிட்டிக்காரர்கள் கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் யார் யாரோ காலைத் துடைத்த துண்டைத் துவைத்தவள், தன் காலை ஒருநாள் நீட்டினால் என்ன குறைந்துவிடும்?

"அப்படி மேல என்னதான் குடுக்கப்போறாங்க ஒனக்கு?" என்று கேட்டேன். "கிரீடமா? அத வச்சுக்கிட்டு என்ன செய்வ?"

"கிரீடம் யாருக்கு வேணும்?" என்றாள். பூண்டின் தோலை ஊதிவிட்டாள். பிறகு, நான் கேட்டது நிஜமான கேள்வி என்பது மாதிரி பதில் சொன்னாள். "எனக்கு ஒரு ரூமு. அப்பன் வீட்டுல நெறைய எடம் இருக்கு, ஒங்களுக்குன்னு தயார் பண்ணப் போறேன்னு ஏசுநாதரு சொல்லிட்டுத்தான போனாரு. ஒரு கதவு, ஒரு சன்னலு. நானாத் தொறந்து நானா மூடிக்கிறாப்புல. பொறந்த வீட்டுல அண்ணன் தம்பிங்க. இங்க வந்தா மாமியா. அய்யம்பாளையத்துல தம்பி பொண்டாட்டி. இப்ப நீ. ஒன்னைக் கொற சொல்லல தாயி, நீ நல்லவதான். ஆனா இது ஒன் வீடு."

எனக்குச் சுருக்கென்றது. பூண்டு தொங்குகிற அந்த அறைக்குக் கதவு இருக்கிறது. ஆனால் பூண்டு எடுக்கவும் கோணி எடுக்கவும் மண்வெட்டி எடுக்கவும் நாள் முழுக்க நாங்கள் யாராவது அதைத் திறந்துகொண்டுதான் இருப்போம். அவள் தூங்கும்போதும் திறந்திருக்கிறோம். மேலே கிடைக்கப்போகிற அந்த ரூமை இங்கே ஒருநாள் காலை நீட்டிக் கெடுத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை. அவள் சேர்த்து வைத்திருந்தது அது ஒன்றுதான். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

வியாழக்கிழமை வந்தது. சித்திரை பிறக்கப்போகிற காலம் என்று பேர், சாயங்காலம் ஆனதும் பனி வந்து கோயில் வாசலில் நின்றுகொண்டது. கோயிலுக்குப் பின்னால் கல் அடுப்பு கூட்டி, அக்கா வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். விறகு ஈரம். அவள் முகம், கை, கால் எல்லாம் சாம்பலும் கரியுமாக இருந்தது. உள்ளே, பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆறு ஆண்கள், ஆறு பெண்கள் என்று ஏற்பாடு. பெண்கள் எல்லாரும் பட்டுச்சேலை. ஒருத்தி நகப்பூச்சுகூடப் போட்டிருந்தாள். ஆனால் ஆண்களில் ஒருவர் வரவில்லை. காரட் லோடு ஏற்றிக்கொண்டு கீழே போனவர், லீவுக்கு வந்த டூரிஸ்ட் வண்டிகளின் நெரிசலில் பெருமாள்மலையில் மாட்டிக்கொண்டார். அங்கிருந்து போன் பேசி அழாத குறையாகச் சொன்னாராம், காலை வீணாகத் தேய்த்தேனே என்று. கடைசி நாற்காலி காலியாகக் கிடந்தது.

சாமியார் மேலங்கியைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதல் நாற்காலியின் முன்னால் முழங்காலிட்டார். பீடச் சிறுவர்கள் பேசினும் கூஜாவும் பிடித்தார்கள். கூஜாவில் தண்ணீர் ஆறிவிடாமல், பின்கதவு வழியாக அக்கா கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து விட்டுக்கொண்டே இருந்தாள். பாட்டுக்காரர்கள் பாடினார்கள். கழுவின கால்களை அவர் கழுவிக்கொண்டே வந்தார். பேசினில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, வழக்கம்போல. அப்படியே கடைசி நாற்காலிக்கு வந்தார்.

எழுந்து பீடத்துக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். அவர் எழுந்திருக்கவில்லை. பாட்டு முடிந்துவிட்டது. கெட்டிலோடு நின்றுகொண்டிருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்து மெல்லிய குரலில், "உட்காருங்கம்மா" என்றார். மெல்லிய குரல்தான், ஆனால் அவர் காலரில் மைக் இருந்தது. கோயில் முழுக்கக் கேட்டது. மரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கவும் கேட்டிருக்கும்.

மைக் இருப்பது அக்காவுக்குத் தெரியவில்லை. குனிந்து அவரிடம் ரகசியமாகச் சொல்கிற நினைப்பில் சொன்னாள். "வேணாம் சாமி. எனக்கு இங்க வேணாம். நான் அங்க போயி வாங்கிக்கிறேன்."

ஆண்டுக்கணக்காக அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்தவளின் குரல் காரட் தோட்டங்களுக்கு மேலெல்லாம் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எதைச் சொல்கிறாள் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சாமியார் முழங்காலிலேயே இருந்தார். "நான் ஒண்ணும் குடுக்க வரலியேம்மா" என்றார். "கால் கழுவுறது இன்னிக்கு என் சோலி. பன்னண்டு காலு. ஒண்ணு கொறையுது. என் சோலிய முடிக்க விடுங்க."

வேறு என்ன சொல்லியிருந்தாலும் அவள் உட்கார்ந்திருக்கமாட்டாள். நீங்கள் தகுதியானவர் என்று சொல்லியிருந்தால் பின்கதவு வழியாக ஓடியிருப்பாள். ஆனால் ஒருத்தர் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு மண்டிபோட்டுக் காத்திருப்பதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அவள் பிறவி அப்படி. கெட்டிலைத் தரையில் வைத்தாள். நாற்காலியின் நுனியில், எந்த நிமிஷமும் எழுந்துவிடுகிறவள் மாதிரி, உட்கார்ந்தாள். எந்தக் கால் என்றுகூடத் தெரியாமல் இரண்டையும் நீட்டிவிட்டாள்.

அந்தக் கால்களை யாரும் தேய்த்திருக்கவில்லை. அடுப்புக் கரி, விறகுச் சாம்பல், கோயிலுக்குப் பின்னால் மிதித்த சேறு, வெடிப்புக்குள் எத்தனையோ வருஷத்துத் தோட்டத்து மண். சாமியார் தண்ணீரை ஊற்றினார். கையால் தேய்த்தார். பேசினில் தண்ணீர் கறுத்தது. எங்கள் கோயிலில் பெரிய வியாழன் அன்று தண்ணீர் இப்படிக் கறுத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் இன்னொரு தடவை கூஜாவைச் சரித்தார், தண்ணீர் இல்லை. கெட்டிலும் காலி. எல்லாரும் பின்கதவைப் பார்த்தார்கள். அங்கிருந்து வெந்நீர் கொண்டுவர வேண்டியவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

நான் கூட்டத்திலிருந்து எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. காலிக் கெட்டிலை எடுத்துக்கொண்டு, பட்டுச்சேலையோடு பின்பக்கம் ஓடினேன். எனக்குப் பின்னால் மைக்கில் அக்காவின் குரல் வந்தது. "கையச் சுட்டுக்காத. துணியப் போட்டுத் தூக்கு." இந்தத் தடவை கோயிலே சிரித்தது. நானும் அடுப்பின் முன்னால் நின்று, கண்ணில் புகையோடு, சிரித்தேன்.

வெந்நீரோடு வந்து கூஜாவில் ஊற்றினேன். சாமியார் கழுவி முடித்து, துடைத்து, குனிந்து அவள் பாதத்தில் முத்தமிட்டார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். துண்டில் கரி அப்பியிருந்தது.

வீட்டுக்கு வந்தபின் அவள் பேசவில்லை. மறுநாள் பெரிய வெள்ளி, யாரும் அதிகம் பேசுகிற நாள் இல்லைதான். ஆனால் அவள் கஞ்சிகூடக் குடிக்காமல் பூண்டு அறையில் உட்கார்ந்திருந்தது உபவாசத்தால் இல்லை என்று எனக்குத் தெரியும். ரூம் போய்விட்டது என்று நினைக்கிறாள். ஊர் முழுக்க மைக்கில் கேட்க வாங்கியாகிவிட்டதே, இனி அங்கே என்ன இருக்கும். எனக்கு அந்தச் சாமியார்மேல் ஆத்திரமாக வந்தது, என்மேலும் வந்தது. மோட்சத்து இடத்தைப் பற்றி அவ்வளவு கேலி பேசினவள், அன்றைக்கு அந்த அறைக் கதவுக்கு வெளியே நின்று, ஆண்டவரே, இவளுக்கு அது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கோணி எடுக்க வந்த என் மகனை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினேன்.

சனிக்கிழமை வெள்ளனே எழுந்து பார்த்தால் கட்டில் காலி. ஓடைப்பக்கம் போனேன். பனி விலகி இளவெயில் வந்திருந்தது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் நின்று, வியாழக்கிழமைத் துண்டுகளைக் கல்லில் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"என்னக்கா, கோவம் போச்சா?" என்றேன்.

"யாரு மேல கோவம்?" கரி பிடித்த துண்டுக்கு மட்டும் தனியாகச் சோப்புப் போட்டாள். "நேத்துப் பூரா ரோசன பண்ணிப் பாத்தேன். வடுகபட்டி வியாபாரி இருக்காருல்ல, பூண்டு பயிரா நிக்கிறப்பவே வந்து அச்சாரம் குடுக்குறாரு. குடுத்துட்டா என்ன அர்த்தம்?"

"தோட்டத்தப் பேசி முடிச்சாச்சுன்னு அர்த்தம்."

"அதான். இது அச்சாரம்."

என் வாய் சும்மா இருக்குமா? "மொத்தத்துல அச்சாரத்தக் கழிச்சுக்குவாரேக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா துண்டை அடிப்பதை நிறுத்தினாள். "கழிச்சாக் கழிச்சுக்கிட்டுப் போறாரு" என்றாள். "வருவாருல்ல? எனக்கு அந்தப் பயந்தான் தாயி இத்தன வருசமும். யாருகிட்டயும் சொன்னதில்ல. தெனம் மணி அடிக்கிறேன், பெருக்குறேன், தொவைக்கிறேன். இந்த மேட்டுல இப்படி ஒருத்தி கெடக்கான்னு ஆண்டவருக்குத் தெரியுமா தெரியாதான்னு பயம். கடைசி நாக்காலி வரைக்கும் வந்தாருல்ல. வந்து காலப் புடிச்சாருல்ல."

ஓடைத் தண்ணீர் அவள் கணுக்காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அழுதுவிடக் கூடாதே என்று அவசரமாக ஒன்றைக் கேட்டேன். "அப்ப ஒன் ரூமு?"

"அது அவரு சோலி" என்றாள் அக்கா. "அச்சாரம் வாங்குன தோட்டத்துக்குத் தண்ணி கட்டாம யாராச்சும் விடுவாங்களா? பேசாம அந்த முனையப் புடி. ராத்திரி உயிர்ப்புப் பூசைக்குள்ள இது காயணும். வெரசா."

நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். ஐஸ் மாதிரி குளிர்ந்தது. ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துத் துண்டை முறுக்கிப் பிழிந்தோம்.